நியூராலஜி ரெசிடென்சியும் ஆராய்ச்சியும் சேர்ந்து: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் எம்பிபிஎஸ் முடித்து, அமெரிக்காவில் நியூராலஜி (நரம்பியல்) ரெசிடென்சி, அதாவது மருத்துவமனையில் இருந்து பெறும் சிறப்புப் பயிற்சி, செய்தேன். இப்போது வாரத்தில் ஒரு நாள் நோயாளிகள், மற்ற நாட்களில் லேப் என்று ஓடுகிறது. ஹவுஸ் சர்ஜன் முடிக்கப் போகும் தம்பி தங்கைகள், இங்கேயே பிறந்து மருத்துவம் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகள், அவர்களைப் பெற்றவர்கள் என்று மாதம் நாலைந்து பேராவது கூப்பிட்டுப் பேசுகிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். அதனால் அவர்கள் கேட்டபடியே எழுதி, பதிலையும் கீழே வைத்திருக்கிறேன். எல்லாமே அமெரிக்க நடைமுறை பற்றியது. இந்தியாவைப் பற்றிக் கடைசிப் பக்கம் ஒரு கேள்வி உண்டு.

அக்கா, முதல்ல இது என்னன்னே புரியல. டாக்டரா, சயின்டிஸ்டா?

இரண்டும்தான். நோயாளியிடமிருந்து கேள்வியை எடுத்துக்கொண்டு போய், லேப்பிலோ தரவுகளிலோ பதில் தேடுகிறவர். இங்கே ஃபிசிஷியன்-சயின்டிஸ்ட் என்பார்கள்.

இதைப் புரியவைக்க நான் எப்போதும் சொல்வது ஸ்டான்லி புரூசினரைப் பற்றித்தான். என்.ஐ.எச். எனப்படும் தேசிய சுகாதார நிறுவனத்தில் மூன்று வருடம் பாக்டீரியா என்சைம்களோடு வேலை செய்துவிட்டு, 1972 ஜூலையில் சான் பிரான்சிஸ்கோவில் நியூராலஜி ரெசிடென்டாகச் சேர்ந்தார். இரண்டே மாதத்தில் அவரிடம் ஒரு பெண்மணி அட்மிட் ஆனார். ஞாபகம் சரிந்துகொண்டே போனது, அன்றாட வேலைகள் கைக்கு வரவில்லை. க்ரூட்ஸ்ஃபெல்ட்-ஜேகப் நோய். மூளை அழிந்துகொண்டிருக்கிறது, ஆனால் காய்ச்சல் இல்லை, வெள்ளை அணுக்கள் ஏறவில்லை, உடம்பு எதையும் எதிர்த்துப் போராடுகிற அடையாளமே இல்லை. "மெல்ல வேலை செய்யும் வைரஸ்" என்று அன்றைக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது அவருக்குச் சரியாகப் படவில்லை. 1974-இல் சொந்த லேப் தொடங்கினார், 1982-இல் இந்த நோயைப் பரப்புவது ஒரு புரதம்தான் என்று சொல்லி அதற்கு ப்ரியான் என்ற பெயரை வைத்தார், 1997-இல் நோபல் பரிசு கிடைத்தது.

நோபலுக்காக இதைச் சொல்லவில்லை. வார்டில் அந்தப் பெண்மணியைப் பார்த்த எல்லோருக்கும் அந்தக் கேள்வி கண் முன்னால் இருந்தது. புரதத்தைப் பிரித்தெடுக்கப் பழகிய கையும் வைத்திருந்தவருக்கு அதைத் தூக்கிக்கொண்டு போக முடிந்தது. இரண்டு பயிற்சியும் ஒரே ஆளிடம் இருப்பதன் பயன் அதுதான்.

நியூராலஜி ரெசிடென்சி மொத்தம் எத்தனை வருஷம்? அதுல ரிசர்ச்சுக்கு எங்க இடம்?

நான்கு வருடம். முதல் வருடம் பொது மருத்துவம், பிறகு மூன்று வருடம் நியூராலஜி. சில இடங்களில் நான்கும் ஒரே ப்ரோகிராமில் வரும். சில இடங்களில் முதல் வருடத்துக்குத் தனியாக மேட்ச் (விண்ணப்பித்தவர்களுக்கு இடம் ஒதுக்கும் தேசிய முறை) ஆக வேண்டும். குழந்தை நரம்பியல் என்றால் ஐந்து வருடம்: இரண்டு வருடம் குழந்தை மருத்துவம், மூன்று வருடம் நியூராலஜி.

நியூராலஜி வருடங்கள் மொத்தம் 36 மாதம். அதில் பெரியவர்களுக்கான நியூராலஜி 18 மாதம், குழந்தை நரம்பியல் 3 மாதம் கட்டாயம். கட்டாயமானவை போக மீதியில்தான் எலக்டிவ், அதாவது நாமே தேர்ந்தெடுக்கும் மாதங்கள் வரும். ஆராய்ச்சிக்கான இடமும் அங்கேதான். ரிசர்ச் ட்ராக் என்று சொல்லும் ப்ரோகிராம்கள் பெரும்பாலும் செய்வது இதுதான்: அந்த எலக்டிவ்களைச் சிதறவிடாமல் சேர்த்து, கடைசி வருடத்தில் பல மாதம் தொடர்ச்சியாக லேப்பில் இருக்க விடுவார்கள். அப்புறம் ரெசிடென்சி முடிந்ததும் அதே லேப்பில் ஒன்றிரண்டு வருடம் தொடர வழி செய்வார்கள்.

ஆர்25, ஆர்25னு எல்லாரும் சொல்றாங்களே, அது என்ன?

என்.ஐ.எச்.சின் கீழே நரம்பு நோய்களுக்கென்று என்.ஐ.என்.டி.எஸ். என்ற நிறுவனம் இருக்கிறது. அது ரெசிடென்ட்டுகளின் ஆராய்ச்சிப் பயிற்சிக்காக மருத்துவமனைகளுக்குக் கொடுத்த நிதியின் எண் ஆர்25. பின்னால் யூஇ5 என்று எண் மாறியது, ஆனால் பேச்சில் இன்னும் ஆர்25 என்றே ஓடுகிறது. பாஸ்டனின் மாஸ் ஜெனரல் பிரிகாம், செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலை, பென்சில்வேனியா பல்கலை, சான் பிரான்சிஸ்கோவின் கலிஃபோர்னியா பல்கலை போன்ற இடங்கள் இதில் பெயர் பெற்றவை.

பணம் மருத்துவமனைக்கு வருகிறது. நீங்கள் அங்கே ரெசிடென்ட் ஆன பிறகு, ஒரு வழிகாட்டியோடு சேர்ந்து திட்டம் எழுதி அந்த இடத்துக்கு உள்ளுக்குள்ளே விண்ணப்பிக்க வேண்டும். தேர்வானால் அந்த மாதங்களில் உங்கள் நேரத்தின் பெரும்பகுதி ஆராய்ச்சிக்கு. அடுத்து சொந்தமாக ஒரு கே நிதிக்கு விண்ணப்பிக்கத் தயார் செய்வதுதான் இதன் நோக்கம். கே பற்றிக் கீழே தனியாக எழுதியிருக்கிறேன்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். இந்த நிதி முக்கியமாக அமெரிக்கக் குடிமக்களுக்கும் க்ரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கும் உரியது. விசாவில் வருகிறவர்களுக்குப் பல இடங்களில் துறையின் சொந்தப் பணத்திலிருந்து அதே மாதிரி ஏற்பாடு செய்து தருகிறார்கள். இதை இன்டர்வியூவிலேயே கேட்டுவிட வேண்டும்.

எங்கிட்ட பிஎச்.டி. இல்ல. வெறும் எம்பிபிஎஸ் வெச்சுக்கிட்டு இதுல நுழையவே முடியாதா?

முடியும். அமெரிக்காவில் 1964 முதல் என்.ஐ.எச். பணத்தில் எம்.டி.-பிஎச்.டி. சேர்த்துப் படிக்கிற திட்டம் இருக்கிறது. கல்லூரிக் கட்டணம் இல்லை, உதவித்தொகையும் உண்டு, ஆனால் ஏழெட்டு வருடம் ஆகும். ரிசர்ச் ட்ராக்கில் அவர்களைத்தான் நிறையப் பார்ப்பீர்கள். அதைப் பார்த்து மிரள வேண்டாம்.

மேலே சொன்ன புரூசினரிடம் பிஎச்.டி. கிடையாது. ஹுடா சோக்பியிடமும் கிடையாது. பெய்ரூட்டில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தபோது லெபனான் உள்நாட்டுப் போர் வெடித்து, அமெரிக்கா வந்து படிப்பை முடித்தவர் அவர். ஹூஸ்டனில் குழந்தை நரம்பியல் பயிற்சியில் இருந்தபோது, 1983-இல் ரெட் சிண்ட்ரோம் உள்ள ஒரு சிறுமியைப் பார்த்தார். நன்றாக வளர்ந்த குழந்தை பேச்சை இழந்து, கைகளைப் பிசைந்துகொண்டே இருக்கிற நோய். அதற்கு மரபணுதான் காரணமாக இருக்க வேண்டும் என்று அவருக்குப் பட்டது. மூலக்கூறு மரபியலோ தெரியாது. பயிற்சி முடித்த கையோடு 1985-இல் ஒரு மரபியல் லேப்பில் சேர்ந்து முதலிலிருந்து கற்றுக்கொண்டார். அந்த மரபணுவை அவருடைய லேப் கண்டுபிடித்தது 1999-இல். அந்தச் சிறுமியைப் பார்த்து பதினாறு வருடம் கழித்து.

பிஎச்.டி. இல்லாதவர்களுக்குத் தேவைப்படுவது கூடுதல் காலம். ரெசிடென்சிக்குப் பிறகு முழுநேர லேப் வருடங்கள் குறைந்தது இரண்டு மூன்றாவது வேண்டும். அதை ஆரம்பத்திலேயே கணக்கில் வைத்துக்கொண்டால் போதும்.

அப்போ பேசாம பிஎச்.டி. மட்டும் பண்ணி மூளை ஆராய்ச்சியில போயிடலாமே? எதுக்கு ரெசிடென்சி கஷ்டம்?

அதுவும் நல்ல வழிதான். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன் கேம்பிரிட்ஜில் பிஎச்.டி. முடித்து ஆய்வாளராகவே போனார். கையை இழந்தவர்களுக்கு இல்லாத கையில் வலிக்கும் வலியை ஒரு கண்ணாடிப் பெட்டியை வைத்து அவர் ஆராய்ந்ததை உலகமே பேசியது.

நோயாளியை நீங்களே சிகிச்சை செய்து, மருந்து மாற்றி, வருடக்கணக்கில் பின்தொடர வேண்டும் என்ற ஆசை இருந்தால் மட்டும் ரெசிடென்சிக்கு வாருங்கள். ஆராய்ச்சிக்கு அது அலங்காரமாக இருக்கும் என்று நினைத்து வந்தால் நான்கு வருடம் மிக நீளம்.

ஜெனரல் மெடிசின்ல க்ளினிக்கல் வருஷத்தைக் குறைக்கிறாங்களாமே. நியூராலஜியிலயும் குறைப்பாங்களா?

பொது மருத்துவத்தில் அப்படி ஒரு ஆராய்ச்சிப் பாதை உண்டு. மூன்று வருட மருத்துவப் பயிற்சி 24 மாதமாகக் குறையும், அதற்குப் பதில் ஆராய்ச்சி வருடங்கள் சேரும். நியூராலஜிக்கு வருகிறவர்கள் அதை எதிர்பார்த்துத் திட்டம் போட வேண்டாம். நான்கு வருடத்தையும் முழுதாகக் கணக்குப் போடுங்கள், எலக்டிவ்களைத்தான் திருப்ப முடியும்.

எனக்கு இதில் வருத்தமும் இல்லை. நரம்பியல் பரிசோதனை கண்ணிலும் விரலிலும் படிவது. ரிஃப்ளெக்ஸ் சுத்தியலை ஆயிரம் முழங்காலில் தட்டிய பிறகுதான் இது கூடியிருக்கிறதா, சாதாரணமா என்று கை சொல்லும்.

வாரத்துக்கு 80 மணி நேரம் ஆஸ்பத்திரியில இருந்துட்டு எப்படி லேப்புக்குப் போறது? நிஜமா நடக்கற காரியமா இது?

80 மணி என்பது நான்கு வாரச் சராசரியின் உச்ச வரம்பு. வார்டு மாதங்களில் அதை ஒட்டித்தான் போகும். அந்த மாதங்களில் லேப் வேலை நடக்காது என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

இரண்டாம் வருடத்தில், ஒரு நோயாளியின் தோல் செல்லிலிருந்து ஸ்டெம் செல் எடுத்து, அதை இயக்க நரம்பு செல்லாக வளர்த்துக்கொண்டிருந்தேன். வாரக்கணக்கில் பொறுமையாகப் பார்த்துக்கொள்ள வேண்டிய வேலை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஊட்டத் திரவத்தை மாற்ற வேண்டும். சனிக்கிழமை எனக்கு ஆன்-கால், அதாவது இரவு ட்யூட்டி. கிளம்புமுன் லேப்புக்கு ஓடி மாற்றிவிடலாம் என்று நினைத்திருந்தேன். இரவு இரண்டு மணிக்கு ஸ்ட்ரோக் பேஜர் அடித்தது. ஒருவருக்கு இடது பக்கம் விழுந்துவிட்டது, மனைவி கடைசியாக நன்றாகப் பார்த்தது பதினோரு மணிக்கு. நாலரை மணி நேரத்துக்குள் ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து கொடுக்க வேண்டும். சி.டி. எடுத்து, ரத்த அழுத்தத்தை இறக்கி, மனைவியிடம் பேசி, மருந்தை ஏற்றிவிட்டு நிமிர்ந்தால் அடுத்த பேஜ். மறுநாள் மத்தியானம் வீட்டுக்குப் போய் விழுந்தேன். திங்கட்கிழமை இன்குபேட்டரைத் திறந்து தட்டை மைக்ரோஸ்கோப்பில் வைத்தபோது, செல்கள் அடியிலிருந்து பெயர்ந்து நூலாம்படை மாதிரி மிதந்தன. ஐந்து வார வேலை. அந்த மனிதர் ஒரு வாரத்தில் நடந்து வீட்டுக்குப் போனார். அந்த இரவில் நான் இருக்க வேண்டிய இடம் எது என்பதில் சந்தேகமே இல்லை. அந்த மாதத்தில் தட்டைத் தொடங்கியதுதான் தவறு.

அதற்குப் பிறகு வைத்துக்கொண்ட முறை இது. வார்டு மாதங்களில் உயிருள்ள எதையும் வளர்ப்பதில்லை. நெறிமுறைக் குழு விண்ணப்பம், பழைய தரவுகளை அலசுவது, கட்டுரையின் ஒரு பத்தி: இவ்வளவுதான். க்ளினிக் மாதங்களில் வாரம் ஒரு அரைநாள் லேப் மீட்டிங், அதைத் தவறவிடுவதில்லை. சேர்ந்தாற்போல மூன்று மாதம் கிடைக்கும்போதுதான் செல், விலங்கு, புதிய சோதனை எல்லாம். அப்போதும் நமக்குப் பதிலாகத் தட்டைப் பார்த்துக்கொள்ள லேப்பில் ஒரு ஆள் இருக்க வேண்டும், நாமும் அவருக்குச் செய்ய வேண்டும்.

லேப்ல செல் வளக்கறதுதான் ரிசர்ச்சா? நோயாளிகளை வெச்சுப் பண்றது கணக்குல வராதா?

தாராளமாக வரும். நிதி கொடுப்பவர்களே இரண்டுக்கும் தனித்தனி எண் வைத்திருக்கிறார்கள். லேப் சார்ந்த ஆய்வுக்கு கே08, நோயாளிகளை நேரடியாக வைத்துச் செய்யும் ஆய்வுக்கு கே23.

ரெசிடென்ட் வாழ்க்கையோடு ஒத்துப்போவது இரண்டாவதுதான் என்பது என் கருத்து. முந்தைய பதிலில் சொன்ன தட்டுப் பிரச்சினை அதில் இல்லை. ஆனால் "சார்ட் ரெவ்யூ" என்று பழைய கேஸ் ஷீட்டுகளைப் புரட்டி ஒரு அட்டவணை போடுவதோடு நின்றுவிடக் கூடாது. புள்ளியியலையும், ஆய்வை வடிவமைப்பதையும் முறையாகப் படித்திருக்க வேண்டும். செல் வளர்ப்பவருக்கு எவ்வளவு பயிற்சி வேண்டுமோ அவ்வளவு இதற்கும் வேண்டும். பழைய கேஸ் ஷீட்டைத் திறப்பதற்கு முன்னால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலோ விலக்கோ கையில் இருக்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். தெரிந்தவர் பாஸ்வேர்டு கொடுத்தார் என்று திறந்தால் வேலையே போகும்.

மென்டாரை எப்படித் தேர்ந்தெடுக்கறது? பெரிய பேர் உள்ள புரொபசர்கிட்டயே போயிடலாமா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். ப்ரோகிராமின் பெயரைவிட, துறையின் பெயரைவிட, வழிகாட்டி முக்கியம்.

நான் முதலில் போனது பெரிய பெயருள்ள ஒருவரிடம். நல்ல மனிதர். முப்பது பேர் இருந்த லேப், மாதம் ஒரு முறை இருபது நிமிடம் பேசக் கிடைப்பார். எட்டாவது மாதத்தில் வேறு ஊருக்கு வேலை மாறிப் போய்விட்டார். பேராசிரியர்கள் இடம் மாறுவது சாதாரணம்தான், ஆனால் ரெசிடென்ட்டால் கூடவே போக முடியாது. என் திட்டம் அப்படியே அநாதையாக நின்றது. கைகொடுத்தவர் பக்கத்து லேப்பில் இருந்த, பெயர் அவ்வளவாக வெளியே தெரியாத ஒரு இணைப் பேராசிரியர். அவரே வாரம் ஒரு நாள் க்ளினிக் பார்ப்பவர். அதனால் நான் ஆன்-கால் முடித்துவிட்டுக் கண் சிவந்து வந்தால் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

கேட்க வேண்டியது மூன்றுதான். இவரிடம் பயிற்சி பெற்ற டாக்டர்களில் யார் சொந்தமாக கே வாங்கியிருக்கிறார்கள்? இப்போது கையில் இருக்கும் நிதி இன்னும் எத்தனை வருடம் வரும்? நான் கிளம்பும்போது திட்டத்தில் ஒரு பகுதியை என்னுடையதாக எடுத்துப் போக விடுவாரா? மூன்றாவதைக் கேட்கத்தான் எல்லோருக்கும் கூச்சம். நல்ல வழிகாட்டிக்குக் கோபம் வராது. அப்புறம், அவர் லேப்பில் இப்போது இருப்பவர்களோடு அவர் இல்லாத நேரத்தில் ஒரு காபி குடியுங்கள். அரைமணியில் எல்லாம் தெரிந்துவிடும்.

இன்டர்வியூவுல ரிசர்ச் ட்ராக் பத்தி என்ன கேட்டா நல்லது?

"ரிசர்ச் ட்ராக் இருக்கிறதா?" என்று கேட்டால் எல்லோரும் இருக்கிறது என்பார்கள். "போன மூன்று வருடத்தில் எத்தனை பேர் அதில் போனார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள்?" என்று கேளுங்கள். ஆராய்ச்சி மாதத்தில் யாராவது ரெசிடென்ட்டுக்கு உடம்பு சரியில்லை என்றால் பதிலுக்கு வார்டுக்கு இழுக்கப்படுவது யார் என்று சீனியர் ரெசிடென்ட்டிடம் கேளுங்கள். ஒதுக்கிய நேரம் உண்மையிலேயே காப்பாற்றப்படுகிறதா என்பதை அந்த ஒரு பதிலில் கண்டுபிடிக்கலாம். சில இடங்களில் ரிசர்ச் ட்ராக்குக்கு மேட்ச் பட்டியலில் தனி எண் இருக்கும், சில இடங்களில் சேர்ந்த பிறகுதான் தேர்வு. அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

யுஎஸ்எம்எல்இ என்னும் அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வில் ஸ்டெப் 1-க்கு 2022 ஜனவரி முதல் மதிப்பெண் கிடையாது, பாஸ் ஃபெயில் மட்டும்தான். அதனால் முடித்த ஒரு ஆராய்ச்சிக்கு முன்பைவிட மதிப்பு கூடியிருக்கிறது என்று நினைக்கிறேன். முடித்த ஒன்று. பாதியில் நிற்கும் ஏழெட்டு வேண்டாம்.

சம்பளம் கூட வருமா?

வராது. ஆராய்ச்சி மாதத்திலும் அதே ரெசிடென்ட் சம்பளம்தான். பின்னால் பேராசிரியர் ஆன பிறகும், தனியார் பிராக்டிஸில் இருக்கும் நண்பர்களைவிடக் குறைவாகத்தான் வரும். வீட்டில் இதை முன்கூட்டியே பேசிவிடுங்கள். இங்கே கடன் வாங்கிப் படித்த அமெரிக்கப் பிள்ளைகளுக்கு, ஆராய்ச்சியில் இருந்தால் வருடம் 50,000 டாலர் வரை படிப்புக் கடனை என்.ஐ.எச். அடைத்துத் தரும் திட்டம் ஒன்று உண்டு. அதற்குக் குடியுரிமையோ க்ரீன் கார்டோ வேண்டும்.

எனக்கு இப்பவே 31. இதெல்லாம் முடிச்சு சொந்த லேப் வைக்கும்போது 42 ஆயிடும். குழந்தை வேற பெத்துக்கணும். கட்டுப்படியாகுமா?

ஆகும். மூன்று விஷயம் தெரிந்தால் கொஞ்சம் மூச்சு விடலாம். ரெசிடென்சிக் காலத்தில் குறைந்தது ஆறு வாரப் பேறுகால விடுப்பை, பயிற்சியை நீட்டாமல் ஒரு முறை தர வேண்டும் என்பது 2021 ஜூலை முதல் சிறப்பு மருத்துவ போர்டுகளின் பொது விதி. அதேபோல, ஆரம்ப நிலை ஆய்வாளர் என்று என்.ஐ.எச். கொடுக்கும் சலுகைக் காலம் பத்து வருடம், அது தொடங்குவது மருத்துவப் பயிற்சி முடிந்த நாளிலிருந்து. எம்பிபிஎஸ் முடித்த நாளிலிருந்து எண்ண மாட்டார்கள். நடுவில் குழந்தை பிறந்தால் அதில் ஒரு வருடம் கூட்டித் தருகிறார்கள்.

எனக்கு மூன்றாம் வருடத்தில் மகள் பிறந்தாள். அம்மா ஆறு மாதம் வந்து இருந்தார்கள். அந்த வருடம் கட்டுரை எதுவும் வரவில்லை. அடுத்த வருடம் வந்தது.

ஜே-1 விசாவுல ரெசிடென்சி வந்தா அப்புறம் ரிசர்ச் பண்ண முடியாதுன்னு சொல்றாங்களே?

முடியாது என்று இல்லை, ஆனால் இடறும் இடம் இதுதான். ஜே-1 என்னும் பரிமாற்ற விசாவில் வரும் டாக்டர்கள் பயிற்சி முடிந்ததும் இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருந்துவிட்டு வர வேண்டும், அல்லது விலக்கு வாங்க வேண்டும். பெரும்பாலோர் வாங்குவது கான்ராட் 30 விலக்கு. ஒவ்வொரு மாநிலத்துக்கும் வருடம் 30 இடம். டாக்டர் பற்றாக்குறை உள்ள பகுதியில் மூன்று வருடம் முழுநேரம் நோயாளிகளைப் பார்க்க வேண்டும். வாரம் 40 மணி க்ளினிக் பார்த்துவிட்டு லேப் நடத்துவது சிரமம். சரியாக ஆராய்ச்சி சூடு பிடிக்கும் நேரத்தில் இந்த மூன்று வருடம் வந்து நிற்கும்.

வழிகள் உண்டு. அந்த 30-இல் 10 இடம் வரை, பற்றாக்குறைப் பகுதிக்கு வெளியே இருந்தாலும் அங்கிருந்து வரும் நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவமனைகளுக்குக் கொடுக்கலாம். பல்கலைக்கழக மருத்துவமனைகள் இதில் வருவதுண்டு. அமெரிக்க சுகாதாரத் துறை, நாட்டுக்கு முக்கியமான ஆராய்ச்சிக்காகவே தரும் விலக்கு இன்னொன்று. கிடைப்பது கடினம், ஆனால் இருக்கிறது. மூன்றாவது, தனித்திறமை உள்ளவர்களுக்கான ஓ-1 விசா. அது இரண்டு வருட விதியை அழிக்காது, தள்ளிப்போடும், அவ்வளவுதான். க்ரீன் கார்டுக்குப் போகும்போது அந்த விதி திரும்ப எதிரில் வந்து நிற்கும்.

மருத்துவப் பயிற்சிக்கான ஜே-1 மொத்தமே ஏழு வருடம்தான். நான்கு வருடம் ரெசிடென்சிக்குப் போனால் மீதியை எதற்கு என்று முதலிலேயே யோசியுங்கள். முழுக்க லேப்பில் இருக்கும் வருடங்கள் இந்த விசாவின் கீழ் எளிதில் வராது.

இந்தியாவை ஸ்கில்ஸ் லிஸ்ட்ல இருந்து எடுத்துட்டாங்களே அக்கா, அப்போ ரெண்டு வருஷ விதி போயிடுச்சுதானே?

போகவில்லை. இதில் பலர் ஏமாந்து வருகிறார்கள். ஸ்கில்ஸ் லிஸ்ட் என்பது எந்த நாட்டுக்கு எந்தத் துறை ஆட்கள் தேவை என்று அமெரிக்கா வைத்திருக்கும் பட்டியல், அதில் வரும் ஜே-1காரர்களுக்கு இரண்டு வருட விதி பொருந்தும். 2024 டிசம்பரில் திருத்திய பட்டியலில் இந்தியா இல்லை என்பது உண்மை. ஆராய்ச்சியாளராக மட்டும் ஜே-1-இல் வந்தவர்கள் பலருக்கு அது நிம்மதி. ஆனால் ரெசிடென்சிக்காக வரும் டாக்டர்களுக்கு அந்த விதி பட்டியலால் வருவதில்லை, சட்டத்தில் தனியாகவே எழுதப்பட்டிருக்கிறது. எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் பொருந்தும். யாராவது வேறு மாதிரிச் சொன்னால் வக்கீலிடம் ஒரு மணி நேரம் பணம் கொடுத்துக் கேளுங்கள்.

அப்போ எச்-1பி வாங்கிட்டா எல்லாம் தீர்ந்துடுமா?

எச்-1பி என்பது வேலை விசா. அதில் இரண்டு வருட விதி இல்லை என்பது பெரிய நிம்மதி. மேட்ச் ஆகும் நேரத்துக்குள் யுஎஸ்எம்எல்இ ஸ்டெப் 3 தேர்வை முடித்திருக்க வேண்டும், எச்-1பி கொடுக்கும் ப்ரோகிராமும் கிடைக்க வேண்டும். ஆனால் 2025 செப்டம்பரில் வெளிநாட்டிலிருந்து வரும் புதிய எச்-1பி விண்ணப்பங்களுக்கு 100,000 டாலர் கட்டணம் என்று அறிவித்தார்கள். அதற்குப் பிறகு எந்த ப்ரோகிராம் என்ன செய்கிறது என்பதை அந்தந்த இடத்தில் அந்தந்த வருடம் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை.

கே கிராண்ட்னா என்ன? க்ரீன் கார்டு இல்லாம வாங்க முடியுமா?

பயிற்சிக்கும் சொந்த லேப்புக்கும் நடுவில் இருக்கும் பாலம் அது. மூன்றிலிருந்து ஐந்து வருடம் உங்கள் சம்பளத்தில் பெரும் பங்கைத் தரும். நிபந்தனை, உங்கள் நேரத்தில் 75 சதவீதமாவது ஆராய்ச்சிக்கு இருக்க வேண்டும். "வார்டில் ஆள் இல்லை, ஒரு வாரம் வா" என்று துறைத் தலைவர் கூப்பிடும்போது நீங்கள் காட்டக்கூடிய காகிதம் அதுதான்.

மேலே சொன்ன கே08, கே23 இரண்டுக்கும், நிதி கையில் வரும் நாளில் குடியுரிமையோ க்ரீன் கார்டோ இருக்க வேண்டும். விண்ணப்பிக்கும் நாளில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. விசாவில் இருப்பவர்கள் போடக்கூடியது கே99. அதற்குக் குடியுரிமை நிபந்தனை இல்லை. இரண்டு வருடம் வரை வழிகாட்டியின் கீழ், பிறகு மூன்று வருடம் சொந்த இடத்தில். ஆனால் போஸ்ட்டாக் (பட்டத்துக்குப் பிறகு ஒருவரின் கீழ் செய்யும்) ஆராய்ச்சி நான்கு வருடத்தைத் தாண்டக் கூடாது. எப்போது தொடங்கினீர்கள் என்று தேதி குறித்து வையுங்கள். குழந்தை நரம்பியல்காரர்களுக்கு என்.ஐ.என்.டி.எஸ். தனியாக ஒரு தேசிய கே12 திட்டமும் வைத்திருக்கிறது.

விண்ணப்பத் தேதிகள் வருடத்துக்கு மூன்று: பிப்ரவரி 12, ஜூன் 12, அக்டோபர் 12. போட்டதிலிருந்து பணம் வரக் கிட்டத்தட்ட முக்கால் வருடம் ஆகும். அதனால் ஃபெல்லோஷிப் (ரெசிடென்சிக்குப் பிறகு ஒரு உட்பிரிவில் எடுக்கும் பயிற்சி) முடியும் வருடத்தில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினால் நடுவில் சம்பளம் யார் தருவது என்ற கேள்வி வந்துவிடும்.

ஃபெல்லோஷிப்பும் பண்ணணுமா, இல்ல நேரா லேப்புக்கா?

பண்ணுங்கள், ஆனால் உங்கள் ஆராய்ச்சிக் கேள்வியோடு ஒட்டியதாக. வலிப்பு நோய் மரபணுவை ஆராய்ந்துகொண்டு ஸ்ட்ரோக் ஃபெல்லோஷிப் செய்த ஒருவரைத் தெரியும். க்ளினிக்கில் பார்க்கும் நோயாளிகளும் லேப்பில் இருக்கும் கேள்வியும் வேறு வேறு, இரண்டு வேலையும் இரண்டு குடும்பம் மாதிரி ஆகிவிட்டது. ஒரே நோயை இரண்டு பக்கமும் பார்த்தால், க்ளினிக் நாள் ஆராய்ச்சிக்கும் தீனி போடும்.

நான் சென்னையில டி.எம். நியூராலஜி முடிச்சுட்டேன். திரும்ப ரெசிடென்சி பண்ணணுமா? இந்தியாவிலேயே இதுக்கு வழி இல்லையா?

அமெரிக்காவில் போர்டு தேர்வு எழுதி நோயாளிகளைப் பார்க்க வேண்டுமென்றால், பொதுவாக இங்கே முதலிலிருந்து ரெசிடென்சிதான். எம்.டி. மூன்று, டி.எம். மூன்று என்று ஆறு வருடம் முடித்தவரிடம் இதைச் சொல்வது எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. அதனால் உங்களுக்கு வேறு வழியைச் சொல்வேன். இரண்டு வருடம் ஆராய்ச்சிக்கு மட்டும் இங்கே வாருங்கள், ஒரு தொழில்நுட்பத்தை முழுதாகக் கற்றுக்கொண்டு ஊருக்குத் திரும்புங்கள்.

டி.பி.டி.-வெல்கம் ட்ரஸ்ட் இந்தியா அலையன்ஸ், மருத்துவர்களுக்கென்றே தனியாக ஆய்வு ஃபெல்லோஷிப் வைத்திருக்கிறது. விண்ணப்பிக்கும்போது நீங்கள் இந்தியாவில் இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. பெங்களூரு நிம்ஹான்ஸ் மாதிரி இடங்களில் ஒரு வெளிநோயாளிப் பிரிவு நாளில் வரும் அரிய நோய்களை நான் இங்கே ஒரு வருடத்தில் பார்க்க மாட்டேன். சொந்தத்தில் திருமணம் செய்த குடும்பங்களில் வரும் நரம்பு நோய்களை ஆராய வேண்டுமானால் பாஸ்டனைவிட நம் ஊர்தான் சரியான இடம்.

கே போட்டேன், திருப்பி அனுப்பிட்டாங்க. முடிஞ்சுதா கதை?

முதல் முறை திரும்புவது சகஜம். என்னுடையதும் திரும்பியது. பல விண்ணப்பங்கள் கூட்டத்தில் பேசப்படாமலே வந்துவிடும். கூடவே வரும் விமர்சனத் தாளை முதல் நாள் படியுங்கள், பிறகு ஒரு வாரம் தொடாதீர்கள், பிறகு திரும்பப் படியுங்கள். முதல் நாள் அநியாயமாகத் தெரிந்ததில் பாதி, எட்டாம் நாள் சரியாகத் தெரியும். திருத்தி ஒரு முறை மறுபடி போடலாம், அதற்கு 37 மாத அவகாசம் உண்டு. அதுவும் திரும்பினால் அதே யோசனையைப் புதிய விண்ணப்பமாகவே போடலாம். போடுவதற்கு முன்னால் என்.ஐ.என்.டி.எஸ்.சில் உங்கள் பிரிவைப் பார்க்கும் திட்ட அலுவலரிடம் போனில் பேசுங்கள். நம் ஊர்ப் பிள்ளைகள் இதைச் செய்யவே தயங்குகிறார்கள். பேசுவது அவர்கள் வேலையில் ஒரு பகுதி.

பாதியிலேயே லேப் எனக்கு ஒத்துவரலன்னு தெரிஞ்சா?

விட்டுவிடலாம். ரெசிடென்சி ரெசிடென்சிதான், போர்டு தேர்வு எழுதலாம், நல்ல நியூராலஜிஸ்டாக இருக்கலாம். என்னோடு ரிசர்ச் ட்ராக்கில் சேர்ந்த ஒருவர் கடைசி வருடத்தில் அப்படித்தான் முடிவு செய்தார். ப்ரோகிராம் டைரக்டரிடம் சீக்கிரமே சொன்னதால் அவருடைய ஆராய்ச்சி மாதங்களை மூளை அலைப் பதிவுப் பயிற்சிக்கு மாற்றிக் கொடுத்தார்கள். இப்போது ஒரு சின்ன ஊரில் வலிப்பு நோயாளிகளைப் பார்க்கிறார். எங்கள் மரபணு ஆய்வுக்கு, குடும்பத்தோடு ஒப்புதல் வாங்கி, அதிகம் ரத்த மாதிரி அனுப்புவது அவர்தான்.